லாபப்பெட்டி

அந்த ஸ்கேனரின் சத்தத்தை அணைத்துவைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடிவைத்திருந்து சொன்னால், வேறு யாரோ செய்த தப்பை நான் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். விருதுநகரில் ஒரு பார்சல் கம்பெனி குடோனில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். சிவகாசியில் அச்சாகிற காலண்டரும் டைரியும் அட்டைப்பெட்டிகளில் எங்களிடம் வந்து இறங்கும்; பிறகு லாரி லாரியாக வெளியூர்களுக்குக் கிளம்பும். ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். அவ்வளவு பெரிய குடோனில் ஏ.சி. இருந்தது என்னுடைய கண்ணாடி அறைக்கு மட்டும்தான். அது கம்ப்யூட்டருக்காக வைத்தது. எனக்காக வைத்தது என்றே நான் நினைத்துக்கொண்டேன். இருபத்துமூன்று வயதில் எனக்கு அவ்வளவு மண்டைக்கனம் இருந்தது.

வெளியே ஏழு லோடுமேன்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டு, ஒவ்வொரு பெட்டியும் உள்ளே போகும்போது உரக்க எண்ணுவது அவர் வேலை. அவர் 'ஒன்று' என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் நெல் அளந்தாலும் மூட்டை எண்ணினாலும் முதல் எண்ணிக்கை 'லாபம்'தான். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று அவர் குரல் பக்கத்து எண்ணெய் மில் சத்தத்தையும் மீறிக்கொண்டு என் கண்ணாடிக்குள் வரும். அந்த முதல் பெட்டிக்கு லாபப்பெட்டி என்றே பெயர். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் ஏற்றுவார்கள். எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும், டிரைவர் ஹாரன் அடித்துக் கத்தினாலும், லாபப்பெட்டிக்குப் பொட்டு வைக்காமல் மேஸ்திரி ஒரு லாரியையும் அனுப்பியதில்லை.

காலண்டர் சீசன் தொடங்குகிற நேரத்தில் ஸ்கேனர் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் கறுப்புக் கோடு போட்ட வெள்ளை ஸ்டிக்கர். லாரியில் ஏறும்போது அந்தக் கோட்டின் மேல் வெளிச்சம் அடித்தால், பெட்டி ஏறிவிட்டது என்று கம்ப்யூட்டரில் பதிவாகும். இனிமேல் யாரும் வாயால் எண்ண வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஸ்கேனர் மேஸ்திரி கைக்குப் போனது. சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு.

துப்பாக்கி மாதிரி இருந்த அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தீவாளிக்கு முன்னாலயே துப்பாக்கி குடுத்துட்டீக. கேப்பு எங்கன டீச்சர்?" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் டீச்சர். பிறகு அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து ஸ்கேனரின் கைப்பிடியில் ஒரு பொட்டு வைத்தார். நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பழகுவதற்காக ஆளாளுக்கு அதை அமுக்கிப் பார்த்தார்கள். கோட்டைச் சரியாகப் படித்தால் அது 'கீக்' என்று கத்தும். அரைமணி நேரம் கீக் கீக் என்று கேட்டதில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. வாங்கி, சத்தத்தை அணைத்துக் கொடுத்தேன்.

"சரியா விழுந்துச்சான்னு எப்பிடித் தெரியும் டீச்சர்?" என்று மேஸ்திரி கேட்டார்.

ஸ்கேனரின் சின்னத் திரையில் நம்பர் வரும். ஆனால் மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவருக்கு அது தெரியாது. சாப்பாட்டு நேரம் வேறு ஆகிவிட்டது. "சிவப்பு வெளிச்சம் விழுந்தா போதும் மேஸ்திரி. மீதிய மெஷின் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கணக்கெடுத்தபோது பதினோரு பெட்டிகள் இடித்தன. குடோனுக்குள் வந்ததாகக் கம்ப்யூட்டர் சொன்னது. லாரியில் ஏறியதாகச் சொல்லவில்லை. குடோனில் தேடினால் அவை இல்லை. மேனேஜர் மேஸ்திரியைக் கூப்பிட்டு என் அறையிலேயே நிற்கவைத்தார்.

"பூராவும் ஏத்தியாச்சு சார். நானே எண்ணித்தான் ஏத்துனேன்."

"எண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"வாய்க்குள்ளயே எண்ணுனேன் சார். பழகிப்போச்சு." ஏதோ திருடி மாட்டிக்கொண்டவரைப் போல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்தது எண்ணியதற்காக. மேனேஜர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"மெஷின்ல தப்பு இருக்குமாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டார் என்பதை மறைக்கக் கூடாது.

"மெஷின் பொய் சொல்லாது சார்" என்றேன்.

பெட்டி குறைகிறது என்று எந்த ஊரிலிருந்தும் ஒரு போன் வரவில்லை. பதினோரு பெட்டி காணாமல் போனால் பதினோரு கடைக்காரர்கள் குதித்திருக்க வேண்டாமா? என் மேசையில் போன் இருந்தது. ஒரு ஊருக்குப் போட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லத்தான் ஆசை. தோன்றியது. கேட்டால் என் கம்ப்யூட்டரையே நான் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று கேட்காமல் இருந்தேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து கேட்டில் சோதனை. ஒரு காலண்டர் பெட்டி முழங்கால் உயரம் இருக்கும்; வாட்ச்மேன் சோதித்தது தூக்குச்சட்டிகளை. என்ன புத்தியோ! மறுகணக்கு முடிகிறவரை லாரி ஏற்றுவதை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் மேஸ்திரி தூக்குச்சட்டியைத் திறந்து, வாட்ச்மேன் கேட்பதற்கு முன்னாலேயே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். மிச்சமிருந்த பழைய சோற்று நீத்தண்ணி தரையில் சொட்டியது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனேன். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவர் நின்ற நாளிலிருந்து பெட்டி இடிப்பதும் நின்றுவிட்டது. புதிதாக ஸ்கேனர் பிடித்தவர் அவசரக்காரர். எண்ணிக்கை, பொட்டு, சந்தனக் கிண்ணம் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டார். "பாத்தீங்களாம்மா, ஆள் போனான், திருட்டும் போச்சு" என்று மேனேஜர் சொன்னார். கூட வேலை பார்த்த லோடுமேன்களே அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நானும் வீட்டில் போய்ச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சென்னையில் கடைக்காரர் எடுத்துக்கொள்ளாத ஒரு காலண்டர் பெட்டி எங்களிடமே திரும்பி வந்தது. பதிவு செய்வதற்காக ஸ்கேனரை நானே கையில் எடுத்தேன். வெளிச்சம் விழுந்தது, நம்பர் வரவில்லை. மூன்று தடவை அடித்தேன். பிறகுதான் ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தேன். கறுப்புக் கோடுகளின் மேல் சந்தனம் அப்பி, காய்ந்து, வெடித்திருந்தது. நடுவில் குங்குமம்.

பெட்டிக்கு நெற்றி மாதிரி வெள்ளையாக ஓர் இடம் வந்ததும் அவர் பொட்டை அங்கேதான் வைத்திருக்கிறார். மரியாதையாக, பார்த்துப் பார்த்து நட்டநடுவில். லாரிக்கு ஒன்று. பதினோரு லாரி.

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். மறுபடி அடித்தேன். நம்பர் வந்தது. என் பட்டியலில் இருந்த பதினொன்றில் ஒன்று அது. மற்ற பத்து பெட்டிகள் போன ஊர்களுக்கும் அன்று மத்தியானமே போன் போட்டேன். எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. "பொட்டு வச்ச பெட்டிதானேம்மா? அப்பவே வந்துடுச்சே" என்றார் ஓர் ஊர்க்காரர்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பொட்டையும் சொன்னேன், சத்தத்தை அணைத்ததையும் சொன்னேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "இப்பக் கிளறி என்னம்மா ஆகப்போகுது? சத்தத்தை அணைச்சது யாருன்னு மொதலாளி கேட்டா உங்க பேருதான் முன்னால வரும். அந்தப் பதினொண்ணையும் ஏறிடுச்சுன்னு போட்டுருங்க." எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. சரி சார் என்று வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு மனுஷனின் பெயர் பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டருக்குள் சுத்தமாகிவிட்டது. வெளியே யாருக்கும் தெரியாது.

பங்குனி வெயிலில் ஒருநாள் ஆமத்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு மிளகாய் மண்டி. வாசலில் லாரி நிற்க, வத்தல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் மேஸ்திரியும் இருந்தார். என்னை அவர்தான் முதலில் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"டீச்சர், நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டேன் என்றேன். சொல்லிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நானும் ரொம்ப நாளு யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். எண்ணிக்கைல நாந்தான் எங்கனயோ விட்டுருக்கேன். அம்புட்டு வருசம் எண்ணுனவன்னு ஒரு திமிரு. மெசினு பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னது வாஸ்தவந்தான்."

அவருக்குப் பின்னால், லாரியில் நின்ற வேறொரு ஆள் 'லாபம்' என்று தொடங்கினார். மேஸ்திரி திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இங்கனயும் என்னையத்தான் எண்ணச் சொன்னாக. மாட்டேன்னுட்டேன். வெறும் தூக்குறதோட சரி."

'நான் திருடவில்லை' என்று அவர் சண்டைக்கு வந்திருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியும். திட்டியிருந்தால் காலில் விழுந்துகூடச் சொல்லியிருப்பேன். இந்த மனுஷர் என் பேச்சை நம்பித் தன் கணக்கையே தப்பென்று தள்ளிவிட்டு வந்து நிற்கிறார். ஒரு பஸ் வந்து நின்றது. "பஸ் வந்துருச்சு மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு ஓடி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அவர் விடவில்லை. பஸ்ஸோடு கூடவே ஓடிவந்து ஜன்னல் கம்பியைத் தட்டினார். "டீச்சர், இது காரியாபட்டி போற பஸ்ஸு! தப்பா ஏறிட்டீக, எறங்குங்க!"

தெரியும் என்று கையைக் காட்டிவிட்டு, கண்டக்டரிடம் காரியாபட்டிக்கே ஒரு டிக்கெட் வாங்கினேன்.