பச்சையாக எரிந்த ஜன்னல்

கடப்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரே ஓர் அறைதான் எங்கள் தகவல் மையம். இரண்டாயிரங்களின் கடைசியில் எனக்கு அங்கே வேலை. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். நாளைக்கு அலை எவ்வளவு எழும், காற்று எப்படி அடிக்கும் என்று இணையத்தில் ஆங்கிலத்தில் வரும். அதைத் தமிழாக்கி வாசலில் இருக்கும் பலகையில் எழுதுவேன். மாலை கிளம்பும்போது ஜன்னலில் ஒரு ஜீரோ வாட் பல்பைப் போட்டுவிட்டுப் போவேன். பச்சை எரிந்தால் கடலுக்குப் போகலாம், சிவப்பு எரிந்தால் வேண்டாம். கரண்ட் போய் எதுவும் எரியாவிட்டால், விடியுமுன் படகுக்குப் போகிறவர்கள் டார்ச் அடித்துப் பலகையைப் படித்துக்கொள்வார்கள். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை, ஆனால் ஒரு நாளும் தப்பானதில்லை.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சின்னத் திரையை அனுப்பினார்கள். ஒரு சாண் அகலம். ஒரே யூஎஸ்பி ஒயரில் மின்சாரமும் போகும், படமும் போகும். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்துவிட்டால் அலையின் உயரத்தையே எழுத்தில் காட்டலாமே! செருகிப் பார்ப்பதற்கு முன்பே மையத்துக்கு எதிர்வீட்டு அக்காவிடம், இனிமேல் பல்பு கிடையாது, எல்லாம் திரைதான் சொல்லும் என்று பீற்றிக்கொண்டேன். அந்தக் கையோடு இரண்டு பல்புகளையும் கழற்றி அலமாரியில் போட்டேன். எனக்கு எப்போதும் வாய் முந்தும்.

ஜன்னலில் வைத்துச் செருகினால் திரை கறுப்பு. பென் டிரைவில் வந்த வைரஸால் இரண்டு முறை படுத்த கணினி அது. அதனால் லினக்ஸ் போட்டிருந்தோம். திரையோடு வந்த சிடி விண்டோஸுக்கானது, இதற்கு உதவாது. விட்டேனா? என்னென்ன செருகியிருக்கிறது என்று கணினியையே கேட்டேன். வரிசையாகச் சொன்ன பட்டியலில் இந்தத் திரையும் இருந்தது. ஆள் வந்திருப்பது தெரிகிறது, பேசத்தான் தெரியவில்லை. அப்படியானால் குறை ஒயரில் இல்லை, திரையோடு பேசக் கணினிக்குச் சொல்லித்தரும் டிரைவர் என்ற மென்பொருளில். யாரோ எழுதி இணையத்தில் வைத்திருந்த ஒரு டிரைவரை இறக்கி, மூன்று நாள் முட்டி மோதி ஏற்றினேன். அதுவரை இரவில் ஜன்னல் இருட்டு, ஊருக்குப் பலகைதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் திரை சட்டென்று பச்சையாக எரிந்தது. எழுத்து இல்லை, படம் இல்லை, முழுக்க முழுக்கப் பச்சை. பழுது என்றுதான் முதலில் பதறினேன். தேடிப் படித்தபோது, அது நல்ல சகுனம் என்று போட்டிருந்தது. டிரைவர் திரையைப் பிடித்துவிட்டது, எதைக் காட்டுவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, அதுவரை பச்சை. ஏன் பச்சை, ஏன் நீலமில்லை என்று அதை வேறு கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் ஓடினேன். போகும்முன் மறுநாள் அலை கடுமை, போக வேண்டாம் என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். கணினியையும் முறையாக அணைத்தேன்.

கரண்ட் போய் வந்தால் தானே எழுந்துகொள்ளும்படி அந்தக் கணினியை அமைத்து வைத்தவளும் நான்தான். அது எனக்கு நினைவிலேயே இல்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே எதிர்வீட்டு அக்கா மையத்தின் வாசலில் நிற்பது தெரிந்தது. பின்னால் ஜன்னல் முழுக்கப் பச்சை. இரவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. கடல் இரைவது தெரு வரைக்கும் கேட்டது.

"பச்ச எரியுதுன்னுதான் அவரு போனாரு. நீ இன்னா பலகையில வேற மாரி எழுதிக்கீற?" என்றார்.

அவருடைய வீட்டுக்காரர்தான் முதலில் படகு தள்ளுகிற ஆள். மற்றவர்கள் கரைக்கு வந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. அலையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். பச்சை எரியும்போது டார்ச் அடித்துப் பலகையைப் படிக்க அவருக்கென்ன வேண்டுதலா? அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. என்னோடு கரைக்கு வந்து என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டார். கடலுக்குப் போனவரைச் செல்போனில் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. பெரிய அறிவாளி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அந்த நிலையிலும் பாழாய்ப்போன மனசு, அந்தப் பச்சையை எப்படி நிறுத்துவது என்றே யோசித்துக்கொண்டிருந்தது.

மதியம் தாண்டியபின் படகு வந்தது. வலை போயிருந்தது. ஆள் முழுசாக இறங்கி வந்தார். அக்கா அப்போதுதான் அழுதார், நானும் அழுதேன்.

அக்காவின் வீட்டுக்காரர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே நேராக என் அறைக்கு வந்தார். அடிவிழும் என்றுதான் நினைத்தேன். திரையின் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், ஒயரைத் தொட்டுப் பார்த்தார். அது ஏன் பச்சையாக எரிந்தது என்று கேட்டார். கணினிக்குத் திரை இருப்பது தெரியும், அதில் என்ன காட்டுவது என்று தெரியாது, தெரியாதபோது பச்சையைக் காட்டும் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது.

அவர் ஒயரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தெரியலன்னா கம்முனு கெடக்கணும். அது இன்னாத்துக்கு வெளக்கப் போட்டுகினு நிக்குது?"

படம் வரவழைக்கும் வேலையை அன்றைக்கு நான் தொடவில்லை. நான் கூப்பிடாமல் எழக்கூடாது என்று அந்த டிரைவரின் பெயரைக் கணினியின் தடுப்புப் பட்டியலில் எழுதினேன். அலமாரியிலிருந்து சிவப்பு பல்பை எடுத்து மாட்டினேன். பிறகு அவரை வெளியே ஜன்னலுக்கு எதிரில் நிற்கச் சொல்லிவிட்டு, கரண்ட் போய் வருவதுபோல மெயின் சுவிட்சை மூன்று முறை அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் கணினி எழுந்தது, சிவப்பு எரிந்தது, திரை இருட்டாகவே கிடந்தது. இன்னொரு தடவை போடு என்றார் வெளியிலிருந்து. நான்காவது முறையும் போட்டேன்.