மொழிபெயர்ப்பாளருக்கு விடுமுறை

பள்ளிக்கூடத்தில் இருந்து தெர்மின், அதாவது வந்து சந்திக்கச் சொல்லி நாள் குறித்த கடிதம், வந்தபோது, வழக்கம்போல மகளையே கூட்டிக்கொண்டு போனேன். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நடந்த காரியமெல்லாம் அவளுடைய வாய் வழியாகத்தான் நடந்தது. வெளிநாட்டவர் அலுவலகம், பல் வைத்தியர், வீட்டுச் சொந்தக்காரர் என்று எல்லோரோடும் அவள்தான் கதைப்பாள். அவள் இங்கேயே பிறந்தவள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய வயதிலேயே எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டாள். அப்போது பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பாசிரியை தலை நரைத்த, மெலிந்த பெண். கைகள் இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் முடித்ததும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

“நான் கணக்கில கொஞ்சம் கவனமா இருக்க வேணுமாம் அப்பா. மற்றபடி பிரச்சினை ஒண்டும் இல்லையாம்.”

நான் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வருடக்கணக்காக வேலை செய்பவன். என் ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன், இலக்கணம் கிடையாது. ஆனால் காது கேட்கும். ஆசிரியை சொன்னதில் பாதி எனக்கு விளங்கியிருந்தது. உடற்பயிற்சி மண்டபத்துக்குப் பின்னால். முதல் பாடம் தொடங்க முன்னம். பென்சில் பெட்டிக்குள். ‘ஹஷிஷ்’ என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

“பிள்ளை, டீச்சர் ஹஷிஷ் எண்டெல்லோ சொன்னவ?” என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நடந்தது என்னவென்று ஆசிரியைக்குப் புரிந்துவிட்டது. கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு, இந்த முறை என்னைப் பார்த்து, சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னார். மகள் கஞ்சா புகைக்கிறாள். பல மாதங்களாக நடக்கிறது. பள்ளிக்கூடம் பொலிசுக்குப் போகப் போவதில்லை. ஆனால் அவள் போதைப்பொருள் ஆலோசனை நிலையத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். நிலையத்தின் முகவரி அட்டையை என்னிடம் தந்தார்.

இருவரும் ட்ராமில் திரும்பி வந்தோம். கண்முன்னே நடந்துகொண்டிருந்தவை எல்லாம் அப்போதுதான் எனக்கு ஒன்றோடொன்று பொருந்தின. அவள் பள்ளியின் ஹாண்ட்போல் என்ற கைப்பந்துக் குழுவின் கோல் காப்பாளர். அந்த வருடம் பயிற்சிக்குப் போவதை விட்டுவிட்டாள். கேட்டால் முழங்கால் நோ என்றாள். கண் சிவந்திருந்தால் பூந்தூள் ஒவ்வாமை என்றாள், மரமெல்லாம் மொட்டையாக நின்ற மாரிக்குளிரிலும். சொல்லத் தொடங்கிய வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு, என்ன சொல்ல வந்தோம் என்று தெரியாமல் நிற்பாள். கணக்கில் எப்போதும் ஒன்று எடுப்பவள் ஐந்து எடுத்திருந்தாள். இங்கே ஒன்றுதான் உச்சம். ஐந்து என்றால் தோல்வி. எல்லாவற்றையும்விட, அவள் சிரிப்பு வீட்டில் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

மனைவி விஷயத்தைக் கேட்டு அடுப்பை நிற்பாட்டிவிட்டு நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, லண்டனில தம்பியிட்ட அனுப்புவம். ஆருக்கும் தெரிய வேண்டாம்.”

“லண்டனில கஞ்சா இல்லையே?” என்றேன்.

“அப்ப என்ன செய்யப் போறியள்? அங்க போய்ப் பேரைப் பதியப் போறியளோ? பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஊரெல்லாம் கதைக்கும். குடியுரிமைக்கு வேற எழுதிப் போட்டிருக்கிறம்.”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அகதியாக வந்தவன் எந்த அலுவலகத்துக்குள்ளும் எளிதில் கால் வைக்க மாட்டான். ஆனால் அன்றைக்கு மகளின் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நித்திரை இல்லை. அந்த முதுகைப் பார்த்த பிறகு, ஊர் என்ன கதைத்தால் என்ன என்று தோன்றியது.

ஆலோசனை நிலையம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அலுவலகம் மாதிரியே இல்லை. பழைய சோபா, தேநீர்க் கேத்தல், யன்னலோரம் வாடிய ஒரு பூச்சாடி. ஆலோசனை சொல்லும் உளவளத்துணையாளர் கட்டையான, சுருட்டை முடிக்காரப் பெண். துருக்கிக் குடும்பம், ஆனால் பேச்சு எங்கள் ஊர்ப்பக்கத்து, சுத்தமான ரூர்ப் பகுதி ஜெர்மன். முதல் வேலையாக, எங்களுடைய அனுமதி இல்லாமல் இந்த அறையில் பேசுவது எதுவும் பள்ளிக்கூடத்துக்கோ பொலிசுக்கோ வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ போகாது என்று சொன்னார். அது அவர் தொழிலின் சட்டம்.

மகள் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, “அப்பா, இவ சொல்லுறா...” என்று தொடங்கினாள்.

அந்தப் பெண் கையை உயர்த்தினார். “இல்லை. இந்த அறைக்குள்ள நீ மொழிபெயர்க்க வேண்டாம். உனக்கு விடுமுறை.” பிறகு என்னிடம், “நீங்கள் உங்களுக்குத் தெரிஞ்ச ஜெர்மனில கதையுங்கோ. நான் பொறுமையாக் கேட்பன். ஏலாட்டி வேற மொழிபெயர்ப்பாளரை எடுப்பம். என்ர அப்பா சுரங்க வேலைக்கு வந்தவர். வைத்தியரிட்டயும் வங்கியிலயும் நான்தான் அவருக்கு வாய். அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்,” என்றார்.

மகள் அழத் தொடங்கினாள். ஆசிரியை முன்னால் அழாதவள், தாய் கத்தியபோது அழாதவள், விடுமுறை என்ற ஒரு சொல்லுக்கு ஏங்கி ஏங்கி அழுதாள்.

அன்றைக்கே எல்லாம் வெளியே வரவில்லை. வாரம் ஒரு தடவை தனியாகப் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நானும் கேட்கவில்லை. சில வாரங்களின் பிறகு, தானே விரும்பி, எங்கள் இருவரையும் ஒரு நாள் தன்னோடு வரச் சொன்னாள். அந்தச் சோபாவில் எங்களுக்கு நடுவில் இருந்து, தமிழில், மனைவியைப் பார்த்துச் சொன்னாள்.

“அம்மா, உங்களுக்கு வயித்தில ஒப்பரேஷன் செய்தது ஞாபகமே? அப்ப டொக்டர் சொன்னதை நான் முழுக்கச் சொல்லேல்லை. கர்ப்பப்பையை எடுக்க வேணும், அது புற்றுநோயாயும் இருக்கலாம் எண்டு சொன்னவர். நான் கர்ப்பப்பையை மட்டும்தான் சொன்னனான். மற்றதைச் சொன்னா நீங்கள் அழுவியள் எண்டு விட்டிட்டன்.”

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. பரிசோதனை முடிவு வரும்வரை, அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். சோறு சாப்பிட்டிருக்கிறாள், பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், தாயின் முகத்தை ஒவ்வொரு காலையும் பார்த்திருக்கிறாள். முடிவு நல்லபடி வந்தபோது எங்களுக்கு அது செய்தியாகவே இருக்கவில்லை. அவளுக்கு மட்டும் உயிர் திரும்பி வந்திருக்கிறது.

“அதுக்குப் பிறகு தலைக்குள்ள எப்பவும் ஒரு சத்தம். அடுத்தது என்ன வரும், ஆருக்கு என்ன சொல்ல வேணும் எண்டு. முதல் தரம் புகைச்ச நேரம் அந்தச் சத்தம் நிண்டிட்டுது. பிறகு சத்தத்தோட மற்றதும் எல்லாம் நிண்டிட்டுது.”

மனைவி அவள் தலையை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். உளவளத்துணையாளருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் மகள் சொன்ன விஷயம் அவருக்கு முன்பே தெரியும்; நாங்கள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இது ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம் என்றார். கூட்டாளிகள், வயது, அலுப்பு, கஞ்சாவே உண்டாக்கிய சோர்வு எல்லாம் சேர்ந்ததுதான் இது. ஒரு நாளில் வந்ததும் இல்லை, ஒரு நாளில் போகப் போவதும் இல்லை.

போகவும் இல்லை. புகையை விட்ட முதல் சில வாரங்கள் அவளுக்கு நித்திரையே வரவில்லை. கோப்பையை வைத்த சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள். நன்றாகத் தேறி வருகிறாள் என்று நாங்கள் நம்பியிருந்த வேளையில், ஈஸ்டர் விடுமுறையில் பழைய கூட்டாளிகளோடு போய் மறுபடி புகைத்துவிட்டு வந்தாள். மறைக்காமல் வந்து சொன்னாள். எனக்கு உலகமே கவிழ்ந்தது போல இருந்தது. உளவளத்துணையாளரிடம் போய், “எல்லாம் முடிஞ்சுது,” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “முந்தி உங்களுக்குப் பொய் சொன்னவள். இப்ப தானே வந்து சொல்லியிருக்கிறாள். இதில எது முடிஞ்சுது?”

அதன் பிறகு அவர்கள் இருவரும் ஆசை எந்த நேரத்தில் வருகிறது என்று தேடிப் பிடித்தார்கள். ஞாயிறு பின்னேரமும் கணக்குப் பாடத்துக்கு முந்தின இடைவேளையும்தான் ஆபத்து. ஞாயிறு பின்னேரங்களில் அவள் தாயோடு நீச்சல் தடாகத்துக்குப் போகத் தொடங்கினாள். மனைவிக்கு நீந்தத் தெரியாது. மகள் பிடித்துவிட, தண்ணீர் குறைந்த பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே பழகினாள். இடைவேளைகளில் நூலகத்தில் இருக்க ஆசிரியை ஒழுங்கு செய்தார்.

எங்களுக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது: இனி மகளை எங்கும் மொழிபெயர்க்கக் கூட்டிப்போகக் கூடாது. மனைவி மாலை நேர மொழி வகுப்பில் சேர்ந்தாள். நான் வியாழக்கிழமைகளில் நிலையத்தில் கூடும் பெற்றோர் வட்டத்துக்குப் போனேன். அதில் தகப்பன் என்று நான் ஒருவன்தான். உடைந்த ஜெர்மனில் என் வீட்டுக் கதையைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த தாதி ஒருத்தி, ஜெர்மன்காரி, என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகனைப் பற்றிச் சொன்னாள். எங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அந்த வட்டத்தில் அந்த நினைப்புக் கழன்றது.

மனைவி முதன்முதலாகத் தனியே வைத்தியரிடம் போய்விட்டு வந்த நாளை மறக்க ஏலாது. தொண்டை நோவுக்குப் போனவள் முழங்காலுக்குப் பூசும் மருந்தோடு வந்தாள். “என்ன சொன்னனோ தெரியாது, ஆனா எல்லாத்தையும் நானேதான் சொன்னனான்!” என்று வாசலில் நின்று கையை உயர்த்தினாள். மகள் மாடிப்படியில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் பதினோராம் வகுப்பைத் திரும்பப் படித்தாள். சொந்தக்காரர்கள் கேட்டார்கள். “ஓம், திரும்பப் படிக்கிறாள்,” என்று சொன்னோம். அதற்கு மேல் அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரு பக்கத்தை வாசித்து முடிக்கும்போது அதன் மேல்வரி மறந்துபோன பிள்ளைக்கு, ஞாபகம் மெல்ல மெல்லத் திரும்பியது. பழைய கூட்டாளிகளை விட்டாள். அது அவளுக்குப் புகையை விட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. கைப்பந்துப் பயிற்சியாளர் முதலில் அவளை ஆட விடாமல் வாங்கில்தான் இருத்தினார். அடுத்த பருவத்தில் கோலுக்குள் நின்றாள். பக்கத்து ஊர்க் குழுவோடு நடந்த போட்டியில் கடைசி நேரத்தில் வந்த தண்ட எறியை அவள் காலால் தடுத்தபோது, நான் குதித்த குதியில் எனக்கு முன்னால் இருந்தவரின் தேநீர் முழுதும் அவர் மடியில் கொட்டியது. அவரும் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

பள்ளியிறுதி அபிட்டூர் பரீட்சையில் கணக்கில் ஒன்று எடுத்தாள். ஆகன் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலுக்கு இடம் கிடைத்தது.

அந்தக் கோடையில் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள், “அப்பா, எங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒரு இடம் இருக்கெண்டே தெரியாது. தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில நான் கதைக்கப் போறன்.”

“பிள்ளை, நீ கதைக்கத்தான் வேணுமோ? நான் கதைக்கிறனே.”

“இது என்ர கதை அப்பா.”

தேவாலய மண்டபத்தில் ஞாயிறு மதியம் கூட்டம். சைவக்காரர், கிறிஸ்தவர் என்று இல்லாமல் எங்கள் சனம் நிறைந்திருந்தது. உளவளத்துணையாளரும் முன்வரிசையில் வந்து இருந்தார். மகள் மேடையில் ஏறி ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

“நான் கஞ்சா பாவிச்சனான்,” என்று தொடங்கினாள். “இப்ப பாவிக்கிறேல்லை.”

பலர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அவள் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. படித்தது மனதில் நிற்காமல் போனதை, பந்து கிட்ட வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்ததை, பெற்றோருக்குச் சொன்ன பொய்களைச் சொன்னாள். பிறகு மாடியில் இருக்கும் அந்த அறையைப் பற்றிச் சொன்னாள். “அங்க ஒருத்தரும் ஏச மாட்டினம். பொலிஸ் வராது. முக்கியமா, உங்கட விசாவுக்கு ஒண்டும் நடக்காது!” மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பல பேருடைய இறுகிய தோள்கள் தளர்ந்ததை நான் கண்டேன்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழும்பினார். “எல்லாம் சரி பிள்ளை. இப்பிடி வெளியில சொன்னா, நாளைக்குக் கலியாணம் பேசேக்க பிரச்சினை வராதோ?”

“வந்தா அது அவையின்ர பிரச்சினை, மாமா.”

பெண்கள் பக்கத்தில்தான் கைதட்டல் தொடங்கியது. பிறகு எல்லாப் பக்கமும் பரவியது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் மனைவியிடம் குனிந்து, “உங்களை நினைக்கப் பாவமாக் கிடக்குது அக்கா,” என்றார்.

“ஏன் பாவம்?” என்றாள் மனைவி, கைதட்டுவதை நிற்பாட்டாமல். “இண்டைக்கு இந்த மண்டபத்தில என்னைப் போல பெருமைப்படுற ஆள் வேற ஆர்?”

கூட்டம் முடிந்து மீன் றோல்ஸ் தட்டுகள் சுற்றி வந்தன. உளவளத்துணையாளர் கொண்டுவந்த அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு, ஒருவரும் எடுக்க மாட்டார்கள் என்று பயந்துகொண்டு நின்றார். முதலில் ஒரு தகப்பன், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்து ஒரு தாய் வந்தார். அவர் ஒளிக்கவில்லை, நேரே உளவளத்துணையாளரிடம் போய், எந்த ட்ராமில் வர வேண்டும் என்று தன் ஜெர்மனில் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. கொஞ்ச நேரத்தில் மேசையில் ஒரு அட்டையும் இல்லை.