ஜெசிந்தாவுக்கு எறிந்த கிளாஸ்

1. லினன் அறை

படுக்கை விரிப்புகளும் துவாய்களும் அடுக்கி வைக்கிற லினன் அறைக்குள் ஜெசிந்தா வந்தபோது முழங்கைக்கு மேலே ஈரத் துவாயைச் சுற்றிப் பிடித்திருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"கடைசி ரூம் ஆள் கிளாஸாலை எனக்கு எறிஞ்சவர், அக்கா. கதவிலை 'குழப்ப வேண்டாம்' போர்ட் ஒண்டும் தொங்கேல்லை. தட்டிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போனனான். படுத்திருந்தவர், எழும்பிக் கத்திக் கத்தி எறிஞ்சார்."

துவாயை எடுத்துப் பார்த்தேன். வலது கை வீங்கிச் சிவந்திருந்தது. ஐஸ் வைத்துக் கட்டினேன்.

ஒஸ்லோ நடுவிலிருந்த அந்த ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்யும் பகுதிக்கு நான் மேற்பார்வையாளர். போலந்து, எரித்திரியா, பிலிப்பைன்ஸ், இலங்கை என்று எல்லா இடத்துப் பெண்களும் என்னிடம் வேலை செய்தார்கள். அதனால் எழுத்து வேலை முழுக்க இங்கிலிஷில்தான். வேலையில் ஏதாவது தவறு நடந்தால் உடனே 'அவ்விக்' எழுத வேண்டும். முறைப்பாட்டுக் குறிப்புக்கு நோர்வேயில் அதுதான் பெயர்.

"வலி இருந்தாலும் அவ்விக்கை இப்பவே எழுதிப்போட்டுப் போம்" என்றேன். மன்னாரிலிருந்து வந்தவள், கெட்டிக்காரி. இடது கையால் தட்டி எழுதி அனுப்பிவிட்டு, ஹொல்ம்லியாவுக்குப் போகிற ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

2. லீசாவின் அறை

மறுநாள், பணியாளர் விவகாரங்களைப் பார்க்கிற நோர்வேக்காரி லீசா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த விஷயம் முடிஞ்சுது. விருந்தினர் சொல்லுறதும் ஜெசிந்தா எழுதினதும் ஒண்டுதான்" என்றார்.

கிளாஸைக் கழுவக் கொண்டுபோகட்டும் என்று தூக்கிப் போட்டாராம், அவள் பிடிக்கத் தவறிவிட்டாளாம். இதுதான் அந்த மனிதர் சொன்ன கதை. லீசா திரையை என் பக்கம் திருப்பினார். ஜெசிந்தா எழுதியிருந்தது: "The guest threw the glass to me."

எனக்கு விளங்கிவிட்டது. இங்கிலிஷில் throw to என்றால் மற்றவர் பிடிக்கட்டும் என்று போடுவது. அடிபடட்டும் என்று எறிந்தால் throw at. ஜெசிந்தா தமிழில் நினைத்து எழுதியிருக்கிறாள். நாய்க்குக் கல்லெறிந்தான் என்றுதானே ஊரில் நாங்கள் சொல்கிறோம்? நாய் அதைப் பிடித்து விளையாடட்டும் என்றா எறிகிறோம்? எனக்கு எறிந்தான் என்பதில் உள்ள 'கு'வை அவள் to என்று போட்டுவிட்டாள்.

இதை லீசாவுக்கு விளக்கிச் சொன்னேன்.

"எழுதியிருக்கிறதைத்தான் நாங்கள் பார்க்க ஏலும். எங்கடை வேலை மொழி இங்கிலிஷ்" என்றார்.

இதே லீசா வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோருக்கும் அனுப்பிய அறிமுக மின்னஞ்சலில், தான் ஒரு டென்மார்க்காரரை மணந்திருப்பதை married with என்று எழுதியிருந்தார். married to என்று வரவேண்டும். 'ஓடு' என்று பொருள்படும் அவருடைய நோர்வேஜிய 'மே' அப்படியே with ஆகி வந்திருந்தது. அந்த டென்மார்க்காரரும் இவரும் சேர்ந்து வேறு யாரைக் கட்டினார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. விளங்கிக்கொண்டோம். துப்புரவு செய்கிறவள் எழுதினால் மட்டும் விளங்காதாம்.

"நீங்கள் ஜெசிந்தாவிட்டை ஒருக்கால் கேட்டனீங்களோ?"

"எழுதித் தந்திருக்கிறாவே."

நானே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுடைய நோர்வேஜிய மொழியில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், டாக்டர், வங்கி எல்லாம் அவள்தான் பார்க்கிறாள். நடந்ததை அந்த மொழியிலேயே முதலிலிருந்து சொன்னாள். சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். நீலம் பாரித்திருந்தது.

லீசா குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, "இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லையே" என்றாள் ஜெசிந்தா.

3. வகுப்பு

குறிப்பைத் திருத்தினார்கள். அந்த விருந்தினர் வேலை செய்த கம்பெனி எங்கள் ஹோட்டலில்தான் கூட்டங்கள் நடத்தும். ஆகவே அவரிடம் 'கதைத்தார்கள்'. அதோடு அவர் பக்கம் சரி. ஜெசிந்தாவை மட்டும் மாலை நேர இங்கிலிஷ் வகுப்புக்கு அனுப்பினார்கள்.

"எறிஞ்சவருக்கு ஒண்டுமில்லை, எறி வாங்கினவளுக்கு வகுப்போ?" என்று லீசாவிடம் கேட்டேன்.

"இது தண்டனை இல்லை, அவவுக்கு நல்ல வாய்ப்பு" என்றார்.

வேலை முடிந்து களைத்துப் போகிறவளுக்கு வாய்ப்பாம்! ஆனாலும் ஜெசிந்தா போனாள். சாப்பாட்டு நேரத்தில் பாடமாக்குவாள். afraid of, tired of, interested in, responsible for.

"ஆளோடை கோவமெண்டால் angry with, விஷயத்திலை கோவமெண்டால் angry about. பயத்துக்கு ஏனக்கா of?"

"காரணம் எனக்கும் தெரியாது. சொல்லையும் அதுக்குப் பின்னாலை வாறதையும் சோடியாப் பாடமாக்கும். தனித்தனியா வைச்சால் பிழைக்கும்" என்றேன். நானும் அப்படித்தான் படித்தேன். வேறு வழி இன்றுவரை எனக்குத் தெரியாது.

4. மறுபடியும்

பனி கரைந்த காலத்தில் அந்த மனிதரின் பெயர் மறுபடியும் வருகைப் பட்டியலில் வந்தது.

"உமக்கு வேறை மாடி போட்டுவிடுறன்" என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"அப்ப அந்த ரூமுக்கு வேறை ஆரோ ஒரு பிள்ளை போகோணும், என்னக்கா?"

அவள் அங்கேயே நின்று புதிய அவ்விக் ஒன்று எழுதினாள். மூன்றே வசனம். I am afraid of this guest. You are responsible for our safety. I am angry with you.

இந்த ஆளுக்குப் பயம், எங்கள் பாதுகாப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு, உங்களோடு எனக்குக் கோபம்.

"பிழை கிடக்கோ?"

"இல்லை. அனுப்பும்."

அனுப்ப முதல் கீழே என் பெயரையும் போடச் சொன்னேன். அதைப் படித்த மற்றப் பெண்களும் தங்கள் பெயர்களைப் போட்டார்கள். அந்த அறைக்குள் ஒருவரும் போவதில்லை என்று லீசாவுக்குச் சொன்னோம். அன்று பின்னேரமே அந்த விருந்தினரின் பதிவை ரத்துச் செய்தார்கள். லீசா என்னிடம், "இந்த முறை தெளிவா எழுதியிருக்கிறா" என்றார். வகுப்பின் பயன் என்று நினைத்தாரோ என்னவோ. பெயர்களின் எண்ணிக்கை என்று நான் நினைத்தேன்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் என் வீட்டுக்கு அருகே புதிதாக மேற்பார்வை வேலைக்குப் போகிற பிள்ளைகள் சிலர் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான். of, at, with எல்லாவற்றையும் ஒழுங்காகப் படியுங்கள். தெரியாவிட்டால் அதை வைத்தே உங்களை விழுத்துவார்கள். ஆனால் உங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஒருவர் தனக்கு அடிபட்டது என்று எழுதினால், எழுந்து போய் அவரிடம் கேளுங்கள். அவருக்கு வருகிற மொழியில் கேளுங்கள். இலக்கணத்தை அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்திருந்து திருத்தலாம்.