தண்ணீருக்குள் போகணும், தண்ணீர் உள்ளே வரக்கூடாது

ஆயில் சீல் மாற்றுகிறவன் பிழைப்பு விநோதமானது: வேலை ஒழுங்காக நடந்தால் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது, தப்பிப்போனால் ஊரே வேடிக்கை பார்க்கும். மழை வந்தால் வீட்டுக்குள் எங்கே வாளி வைப்பது, எங்கே அண்டா வைப்பது என்று ஓடுகிற மக்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். கசிவு எப்பேர்ப்பட்ட தொல்லை என்பது உங்களுக்குத்தான் புரியும்.

செல்லூரில் ஒரு சந்துக்குள் எனக்கும் கூட்டாளி முருகேசனுக்கும் பட்டறை. விசைத்தறி, தண்ணீர் பம்பு, டிராக்டர் என்று எது ஒழுகினாலும் எங்களிடம் வரும். தரையிலும் தண்ணீரிலும் ஓடுகிற வண்டி வரும் என்று மட்டும் நாங்கள் நினைத்ததில்லை.

காலுக்கு வேலை இல்லாத வண்டி

எழுமலையிலிருந்து ராசாங்கம் அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆறு குண்டுச் சக்கரம், குளிக்கிற தொட்டி மாதிரி பிளாஸ்டிக் உடம்பு. மலைமேல் ஒரு விடுதியில் சும்மா கிடந்ததை வாங்கியிருக்கிறார். சக்கரங்களின் அச்சுகள் அந்தத் தொட்டியைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வருகின்றன. ஆறு துளை என்றால் அச்சைச் சுற்றி அடைக்க ஆறு ரப்பர் சீல், ஆறு தலைவலி.

ராசாங்கத்துக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டன. அவருடைய தென்னந்தோப்பு கண்மாய்க்கு அக்கரையில். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால் பாதை மூன்று மாதம் முங்கிக் கிடக்கும். வருஷா வருஷம் அவர் மனைவியின் அண்ணன் தவசிதான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடப்பார். போன வருஷம் தவசிக்கு முதுகு பிடித்துக்கொண்டதில், ராசாங்கம் தன் தோப்பைப் பார்க்கவே தை பிறந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முடுக்குறது, திருப்புறது, பிரேக்கு எல்லாம் கையிலதாண்ணே. ஒழுகாம மட்டும் பண்ணிக் குடுங்க, இந்த மழைக்கு யாரு தோள்லயும் ஏறாம நானே போய்க்கிருவேன்."

குடம் குடமாக

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வண்டியைக் கண்மாயில் இறக்க வேண்டியதில்லை. வண்டிக்குள் தண்ணீரை ஊற்றினால் போதும். எந்த ஓட்டை வழியாக வெளியே வருகிறதோ, அதே வழியாகத்தான் நாளைக்கு உள்ளே வரும். ஆகவே கட்டைகள் மேல் வண்டியைத் தூக்கி வைத்து, இஞ்சின் நனையாமல் அச்சு மட்டும் முங்குகிற அளவுக்கு ஊற்றினோம். ஆறு இடத்திலும் சொட்டியது. பக்கத்துத் தறிக்காரர் சோமு வாசலில் நின்று கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏப்பா, தண்ணி உள்ள போகக் கூடாதுன்னுதான கொண்டாந்தாக? நீங்க என்னடான்னா குடம் குடமா ஊத்துறீக!"

கோலப்பொடி

ஆறு சீலும் மாற்றி, கிரீஸ் அடைத்து, மறுபடி ஊற்றினோம். இன்னும் ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. சொட்டுகிற இடம் தெரிகிறது, கசிகிற இடம் தெரியவில்லை. இரண்டு நாள் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்ததில் எனக்குக் கழுத்து பிடித்ததுதான் மிச்சம்.

வேலை எம்மட்டும் ஆச்சு என்று பார்க்க வந்த ராசாங்கத்தின் மனைவி பாண்டியம்மா, கொஞ்சம் கோலப்பொடி வாங்கிவரச் சொன்னார். அதைத் துணியில் முடிந்து வண்டியின் வெளிப்பக்கமெல்லாம் தட்டித் தட்டி வெள்ளையாக்கினார். கால் மணி நேரம் காத்திருந்தோம். மூன்றாவது அச்சுக்குப் பின்னால் முடி கனத்தில் ஒரு கோடு மட்டும் ஈரமாகிக் கருத்தது. பிளாஸ்டிக் விரிசல்! முருகேசன் அதை உருக்கி ஒட்ட, பாண்டியம்மா சொன்னார்:

"சுவத்துல எங்க ஓதம் ஏறுதுன்னு நான் இப்படித்தாண்ணே பாப்பேன். நீங்க ஏதோ மிஷினு வச்சிருப்பீகன்னுல்ல நெனச்சேன்."

பெயர்ப் பலகை

வண்டிக்குப் 'பாண்டியம்மா' என்று பெயர் போட வேண்டும் என்பது ராசாங்கத்தின் ஆசை. ஆரப்பாளையத்தில் ஒரு ஸ்டிக்கர் கடைக்கு அனுப்பினோம். பலகை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆள் அதை வண்டியின் வயிற்றுப் பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இடத்தில், துளை போட்டு முடுக்கியிருந்தார். கடை வாசலில் நான் கத்திய கத்தலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் அசரவில்லை.

"நாலே நாலு ஸ்குரூதாண்ணே. ஆட்டோவுக்கு எட்டு போடுவேன், இதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல."

பொட்டு வைத்த பிளக்

அந்த நாலு ஓட்டையையும் அடைத்து முடிக்கும்போது ஆயுத பூஜை வந்துவிட்டது. பட்டறையைக் கழுவினோம், வண்டியையும் கழுவினோம். கழுவிய தண்ணீர் வடிவதற்காக, பின்பக்கம் அடியில் இருக்கும் பித்தளை பிளக்கைக் கழற்றினோம். பூஜை முடிந்து ஒரு நாள் ஆயுதங்களைத் தொடாமல் வைத்திருந்தோம். அதற்கடுத்த நாள் வண்டியை எழுமலைக்கு ஏற்றிவிட்டோம்.

முதல் மழைக்குக் கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. கரை நிறையக் கூட்டம். நான் ஓட்ட, பக்கத்தில் ராசாங்கம். இருபது அடி போனதும் என் பாதம் நனைந்தது. முப்பதாவது அடியில் இஞ்சின் நின்றது. அடியில் ஃபோம் இருந்ததால் வண்டி முங்கவில்லை, ஆனால் சீட் வரைக்கும் தண்ணீர். தவசி தன் முதுகு வலியையும் பார்க்காமல் தண்ணீரில் குதித்து நடந்து வந்து, ராசாங்கத்தைப் பழையபடி தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினார். ராசாங்கம் தன் துண்டைப் பிழிந்து, துடைத்துக்கொள்ள என்னிடம் நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவமானத்தில் எனக்கு அழுகை முட்டியது.

கரையில் வண்டியை இழுத்துப் போட்டுப் பார்த்தால், பின்னால் கட்டைவிரல் போகிற ஓட்டை. முருகேசன் முகம் வெளுத்துவிட்டது. பளபளவென்று இருக்கிறதே என்று ஸ்பேனர்களோடு பிளக்கையும் துடைத்து வைத்தவன் அவன்தான். பட்டறைச் சாவி சோமுவிடம் இருந்தது. போன் போட்டு, திறந்து பார்க்கச் சொன்னோம்.

"பிளக்கா? இந்தா இருக்குப்பா. சாமிக்கு முன்னாடி, சந்தனம் குங்குமம் வச்சு, பத்திரமா இருக்கு."

அக்கரை

இஞ்சினைப் பிரித்து மாட்டிக் கார்த்திகையில் மறுபடி போனோம். கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது. பிளக்கை நான் மூன்று தடவை திருகிப் பார்த்தேன், முருகேசன் நாலு தடவை. பாண்டியம்மா வண்டிக்குள் தரையில் கோலப்பொடி தூவினார். இந்தத் தடவை ராசாங்கம் என்னை ஏறவிடவில்லை. தனியாகப் போனார்.

ஆறு சக்கரமும் தண்ணீரைத் தள்ள, வண்டி எருமை போல மெதுவாக நீந்தியது. தவசி வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் தயாராக நின்றிருந்தார். அவர் போக வேண்டிய வேலையே வரவில்லை. வண்டி அக்கரையில் ஏறித் தென்னைகளுக்குள் மறைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அரை மணி கழித்து, சீட்டில் நாலு தேங்காயோடு திரும்பி வந்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். பொடி பொடியாகவே இருந்தது.

ராசாங்கம் என்னைப் பார்க்கவில்லை, தவசியைப் பார்த்தார். தேங்காய்களை ஒதுக்கி, பக்கத்து சீட்டைத் துண்டால் தட்டினார்.

"ஏறுங்க மச்சான். இம்புட்டு வருசம் நீங்க தூக்குனீக, இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

எங்கள் பட்டறையில் இப்போதும் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு, எந்த வண்டியின் பிளக்காக இருந்தாலும் அதற்கு மட்டும் அது இருக்கிற ஓட்டையிலேயே வைத்துப் பொட்டு.