ஆஸ்திரேலியா போன மெமோ

ஆஸ்திரேலியாவில் எனக்கு வேலை தயாராக இருந்தது. ஆனால் நான் போகவிருந்த மாநிலத்தில் ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத இன்ஜினியர் தன் பொறுப்பில் ஒரு டிராயிங்கில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு டிகிரி மட்டும் போதாது. எந்தச் சிக்கலில் நீங்களே யோசித்து என்ன முடிவெடுத்தீர்கள் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். போர்ட் பிளேரில் இத்தனை வருடம் கப்பல் அணையும் ஜெட்டி கட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன்.

ஃபைல்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் 'மேலதிகாரியின் வழிகாட்டுதலின்படி' என்றே இருந்தது. எழுதியது நான்தான், எங்கள் ஆபீஸில் அப்படித்தான் எழுத வேண்டும். கணக்குப் போட்டது நான், இடுப்பளவு கடலில் நின்றது நான். ஏ.சி. அறையிலிருந்து வழிகாட்டியது எக்சிகியூடிவ் இன்ஜினியர்.

அவரிடமே சர்டிஃபிகேட் கேட்டேன். மதுரைக்காரர், தீவுக்கு வந்து பேச்சில் பாதி இந்தி ஆகிவிட்டது.

"அரே, நீ தனியா செஞ்சேன்னு எப்படிம்மா எழுதித் தர்றது? எல்லாம் டீம் வொர்க். சப் மில்கே பண்றதுதான?"

ரிப்பன் வெட்டும்போது மட்டும் அந்த டீமில் ஒருவர்தான் இருப்பார்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. என் மேலதிகாரியின் பங்கு தெளிவாகத் தெரிகிறதாம், என்னுடையதுதான் தெரியவில்லையாம். எரிச்சலாக இருந்தது. அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை.

அப்போது அந்தமானிலேயே லாங் ஐலண்ட் என்ற தீவில் ஜெட்டி வேலை நடந்தது. மெயின்லேண்டிலிருந்து மணல் வரத் தாமதமாகவே, கான்ட்ராக்டர் கடற்கரை மணலையே அள்ளி மிக்சர் அருகே குவித்திருந்தார். அந்த உப்பு கம்பியை அரித்துவிடும். காங்கிரீட்டை நிறுத்தினேன்.

"மேடம், மந்திரி வர்ற தேதி ஃபிக்ஸ் ஆயிடுச்சு. மணலக் கழுவியாச்சு, குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது" என்றார்.

"போட்டீங்கன்னா ஜெட்டி விழுற தேதியும் ஃபிக்ஸ் ஆயிடும்" என்றேன்.

திறப்பு விழா தள்ளிப்போனது. மேலிடம் காரணம் கேட்டது. டீம் அன்றே கலைந்தது. சார் எனக்கு மெமோ கொடுத்தார்: 'யாரையும் கலந்தாலோசிக்காமல், எவருடைய வழிகாட்டுதலும் இன்றி, முழுக்கத் தன் சொந்த முடிவில் வேலையை நிறுத்தியுள்ளார்.'

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியிலிருந்த என் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து இன்னொரு முறை படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நான் கெஞ்சிக் கேட்ட சர்டிஃபிகேட்டை சீல் வைத்தே கொடுத்திருந்தார்.

மணலில் உப்பு அதிகம் என்று லேப் ரிப்போர்ட் வந்ததும் மெமோவை வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் அதன் காப்பியும் ரிப்போர்ட்டும் ஆஸ்திரேலியா போய்விட்டன. ரெஜிஸ்ட்ரேஷன் கிடைத்தது.

ஃபேர்வெல்லில் சார் மைக்கைப் பிடித்தார். "எல்லாம் நம்ம கைடன்ஸ்ல வளர்ந்த பொண்ணு!"

வெளிநாட்டுக்கு முயற்சி செய்யும் இளைய இன்ஜினியர்களே, பாராட்டுக் கடிதத்துக்காக யார் பின்னாலும் அலையாதீர்கள். நியாயமான காரணத்துக்கு ஒரு மெமோ வாங்குங்கள். அதில்தான் உங்கள் பெயர் மட்டும் இருக்கும்.