மச்சானுக்காகக் குலுக்கிய பியர்

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை — போன் அடித்தது. பிக்கரிங்கில் இருந்து மச்சான்.

"நாளைக்குப் பின்னேரம் வாறம். நீர் ஏதோ பியர் காய்ச்சிறீராம்... பாப்பம்!"

அந்தப் 'பாப்பம்' இருக்கிறதே... என் மனைவியின் அண்ணன் அவர். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் செய்த எதையும் 'நல்லாயிருக்கு' என்று சொன்னதில்லை. புதுக் கார் வாங்கினேன் — "பரவாயில்லை." பேஸ்மென்ட்டை நானே கட்டி முடித்தேன் — "ம்... பரவாயில்லை." வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கியபோது அதுகூட வரவில்லை. "பிக்கரிங்கிலை பாத்திருக்கலாம்" என்றார். இந்த முறை எப்படியாவது அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும்!

ஒரு சிக்கல். பியர் நொதித்து, தெளிந்து, கெக் என்கிற உயரமான சில்வர் பீப்பாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. ஆனால் குமிழி விட வைக்கும் காஸ் ஏறவில்லை. காஸ் ஏறாத பியரும் ஆறிய தேத்தண்ணியும் ஒன்றுதான். முறைப்படி என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து, சிலிண்டரில் இருந்து மெல்ல மெல்லக் காஸைக் கொடுத்து, ஒரு கிழமையாவது காத்திருக்க வேண்டும். மச்சான் காத்திருப்பாரா?

இன்டர்நெட்டில் குறுக்குவழி கிடைத்தது. இரவு முழுக்கக் குளிர விடு. காஸின் அழுத்தத்தைக் கூட்டு. பிறகு கெக்கைக் குலுக்கு. குலுக்கக் குலுக்கக் காஸ் பியருக்குள் இறங்கும். அவ்வளவுதான்!

சனிக்கிழமை மத்தியானம் கராஜில் ஒரு கதிரையில் இருந்து, கெக்கை மடியில் படுக்கப் போட்டு ஆட்டத் தொடங்கினேன். தொடை குளிரில் விறைத்தது. தோள்மூட்டு கழன்றுவிடும்போல் இருந்தது. மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ... எங்கடை பிள்ளையளைக்கூட நீங்கள் ஒருநாளும் உப்பிடி மடியிலை வைச்சு ஆட்டேல்லை!"

நான் கெக்கை மறுபக்கம் புரட்டிப் போட்டு இன்னும் வேகமாக ஆட்டினேன்.

குலுக்கிய கெக்கைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டு, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிட்டே குழாயைத் திறக்க வேண்டுமாம். அது கடைசி வரியில் இருந்தது. நான் கடைசி வரிவரை போகவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

மச்சான் மனைவியோடு வந்தார். கையில் ஒரு பேப்பர் பை. உள்ளே விஸ்கிப் போத்தல்.

"சும்மா... ஒரு சேஃப்டிக்கு" என்றார்.

சேஃப்டியா! எனக்கு வந்த கோபத்தில் நேரே போய்க் குழாயைத் திறந்தேன். புஸ்ஸ்ஸ்! என் கை, சேர்ட், மச்சானின் மூக்குக்கண்ணாடி — எங்கும் நுரை. ஜக்கில் பிடித்தேன். ஜக் நிறையவும் நுரைதான்.

மச்சான் ஆறுதலாகக் கண்ணாடியைத் துடைத்தார். "உது குடிக்கிறதோ, ஷேவ் எடுக்கிறதோ?" என்று கேட்டார். அவர் கை விஸ்கிப் பையை நோக்கிப் போனது.

என் முகத்தைப் பார்க்க மனைவிக்குப் பொறுக்கவில்லைபோலும். ஜக்கைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். பின்னால் ஓடினேன். ஐயையோ! இன்னொரு ஜக்கை எடுத்து, ஒரு கை மேலே, ஒரு கை கீழே... தேத்தண்ணி ஆற்றுவதுபோல் என் பியரை ஆற்றிக்கொண்டிருந்தாள்!

"காஸ் போகுதப்பா!"

"நுரை போகுதெல்லே? பேசாமல் நில்லுங்கோ."

நுரையும் போனது, காஸும் போனது. மத்தியானம் முழுக்க நான் ஏற்றியதை ஒரு நொடியில் இறக்கிவிட்டாள். கிளாஸில் ஊற்றி மச்சானிடம் நீட்டினாள். பேருக்குக்கூட ஒரு குமிழி இல்லை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மச்சான் ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. கிளாஸ் காலி.

"நல்லாயிருக்கு!"

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"கடைப் பியர் எண்டால் எனக்கு வயிறு ஊதும், மச்சான். உது சோக்காய் இறங்குது. இன்னும் கொஞ்சம் ஊத்தும்."

விஸ்கிப் போத்தலின் மூடி கடைசிவரை திறக்கப்படவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்... வென்றவனுக்கு என்ன கவலை?

சாப்பாடு முடிந்தது. அவருடைய மனைவி வெளியே காரை ஸ்ரார்ட் பண்ணிவிட்டார். மச்சான் வாசலில் நின்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு தங்கச்சியின் தோளில் தட்டினார்.

"நான் முதல் வாயிலையே கண்டுபிடிச்சிட்டன், பிள்ளை. உது உன்ரை கைப்பக்குவம்!"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கெக் பரவாயில்லை."

எனக்கு வாய்க்குள் என்னவெல்லாமோ வந்தது. சொல்லவில்லை — இரவு என் தோள்மூட்டுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடப்போவதும் அதே கைப்பக்குவம்தானே!