துறப்பணம் இறங்கிய பத்து இடங்கள்

1. ஆறு ஏக்கர்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். காலேஜில் மண்ணியல் படித்த பெருமையும் ஒரு சைக்கிளும்தான் அப்போது என் சொத்து. மூன்றாவது வாரம் மேலதிகாரி ஒரு பைலைத் தூக்கிக் கொடுத்தார்.

"வே, மேலநீலிதநல்லூர் பக்கம் ரோட்டுக்குச் சரள் அள்ளுன புஞ்சை ஒண்ணு கெடக்கு. வெவசாயத்துக்கு ஆவுமா ஆவாதான்னு பாத்து எழுதிட்டு வாரும். நாலு நாள்ல பைல் முடியணும்."

சொந்தக்காரர் பால்வண்ணம், ஐம்பது வயதுச் சம்சாரி. ரோடு போட சர்க்கார் எடுத்துக்கொண்டு சரள் அள்ளி அள்ளி அவருடைய ஆறு ஏக்கரும் இடுப்பளவு பள்ளமாகிவிட்டது. மண் தேறும் என்று நான் எழுதினால் அந்தப் பள்ளத்தையே அவர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். தேறாது என்றால் குளத்துக்குக் கிழக்கே கரிசல் புறம்போக்கில் மாற்று நிலம் கொடுப்பதாக ஏற்பாடு. எது கிடைக்கும் என்பது என் பேனாவில் இருந்தது.

2. குத்துதல்

மண் பார்க்கும் ஆகர், தச்சன் மரத்தில் துளை போடும் துறப்பணத்துக்குப் பெரிய அண்ணன். நெஞ்சுயரக் கம்பி, அடியில் திருகு, மேலே குறுக்குப்பிடி. திருகி இழுத்தால் மண்ணைக் கவ்விக்கொண்டு வரும். பத்து இடத்தில் ஒரு அடி ஆழத்துக்கு மாதிரி எடுக்க வேண்டும்.

முதல் குத்திலேயே ஆகர் நறநறவென்றது. இரண்டு விரற்கடைக்கு மேல் போகவில்லை. நாலு எட்டுத் தள்ளிக் குத்தினேன். அங்கும் சரள். மத்தியானத்துக்குள் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன. அப்போதுதான் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. பள்ளத்துக்குள் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பச்சை தெரிந்தது. அங்கே குத்தினால் ஆகர் களியில் துடுப்பு இறங்குகிற மாதிரி இறங்கியது. அதன்பிறகு நான் பச்சையைத் தேடித் தேடிப் போனேன்.

உடைமர நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த பால்வண்ணம் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"சார்வாள், எறங்குத எடமாப் பாத்துல்லா குத்துதிய?"

"மாதிரி எடுக்கணும்லா அண்ணாச்சி. எறங்காத எடத்துல என்னத்த எடுக்க?"

"எடுங்க, எடுங்க. எம் மாடு ஏர் இழுக்கையில இப்படிச் சுத்திச் சுத்தி எடம் பாத்துப் போவுமா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு எழுந்து வந்து, "அங்கன பச்சையா இருக்கது மண்ணு இல்ல சார்வாள். மழைத் தண்ணி கொண்டாந்த வண்டல் கொஞ்சம், அதுக்கு மேல ஆட்டுப் புழுக்கை. போன மாசம் கிடை போட்டிருந்தாவ" என்றார். ஆட்டு மந்தையை இரவில் நிலத்தில் அடைத்து உரம் சேர்ப்பதுதான் கிடை.

எனக்கு இது புரியாமல் இல்லை. பச்சைத் திட்டுகளில் நின்றவை குப்பைமேனியும் ஊமத்தையும். எருக்குழி ஓரத்தில் வளர்கிறவை. மீதி நிலமெல்லாம் நெருஞ்சியும் ஊசிப்புல்லும். நான் நோட்டில் "செடிகொடி செழிப்பு" என்று எழுதிக்கொண்டேன்.

3. பாரம்

முப்பது இடத்தில் குத்தினேன். இருபதில் இறங்கவில்லை. பத்தில் இறங்கியது. பாரத்தில், அதாவது ஆபீஸ் படிவத்தில், இருந்தது பத்துக் கட்டம்தான், கச்சிதமாக நிரம்பிவிட்டது.

கீழே குறிப்பு எழுத இரண்டு வரி காலியாக இருந்தது. அந்த இருபதைப் பற்றி அதில் எழுதியிருக்கலாம். ஒரு சம்சாரி சொல்லி நான் திருத்திக்கொள்வதா என்ற மிடுக்கு ஒருபக்கம், சீக்கிரம் முடித்தால் நல்ல பெயர் வரும் என்ற ஆசை மறுபக்கம். "மண் தேறும். பருத்திக்கு ஏற்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பரவால்லியே வே, ரெண்டே நாள்ல முடிச்சிட்டீரு" என்று மேலதிகாரி காபி வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

4. பருத்தி

அடுத்த மார்கழியில் அந்தப் பக்கம் போனபோது சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். ஆறு ஏக்கரையும் உழுது விதைத்திருந்தார். பருத்தி திட்டுத்திட்டாக நின்றது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு திட்டும் எனக்குத் தெரிந்த இடம். மற்றதெல்லாம் இலை மஞ்சளாகி முழங்காலுக்குக் கீழேயே காய்ந்துகொண்டிருந்தது.

பால்வண்ணம் என்னைத் திட்டவில்லை. "வாங்க சார்வாள். நீங்க குத்துன எடத்துல எல்லாம் பருத்தி நிக்கி. ராசியான கை. மத்த எடத்துலயும் குத்திட்டுப் போயிருக்கப்படாதா?" என்றார்.

அன்றைக்கே மேலதிகாரியிடம் போய், ரிப்போர்ட் தப்பு என்றேன்.

"கையெழுத்து உம்மதுதான? தப்புன்னு நீரே எழுதித் தாரும், மேல அனுப்புதேன். ஒம்மட்ட விளக்கம் கேப்பாவ, அத மட்டும் பாத்துக்கிடும்" என்றார்.

அவர் தடுக்கவில்லை. ஒரு தாளில் எழுதினேன். மேஜை டிராயரில் வைத்தேன். இரண்டு மாதத்தில் மாறுதல் வந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனேன். கிழக்கே இருந்த கரிசல் வேறு யாருக்கோ போயிற்று. பால்வண்ணம் மாட்டையும் ஏரையும் விற்றுவிட்டு, தன் நிலத்துச் சரள் கிடக்கும் ரோட்டிலேயே கல் உடைக்கப் போகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

5. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

நிலத்தின் ஒரு மூலையில் நின்று எதிர்மூலையைப் பார்த்து நேராக நடங்கள். நாற்பது எட்டுக்கு ஒருதரம், கால் நிற்கிற இடத்தில் குத்துங்கள். பச்சை கூப்பிட்டால் திரும்ப வேண்டாம். ஆகர் இறங்காவிட்டால் அந்தக் கட்டத்தில் "இறங்கவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு மாதிரிதான். அதற்குப் பிறகு வேலையில் இருந்த காலமெல்லாம் நான் அப்படித்தான் எழுதினேன். எழுத வேண்டியிருந்த அந்த இருபது இடத்தில் எழுதவில்லை.